வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் குரங்கணி. அதற்கு மேல் சமதளம் கிடையாது. மலை அப்படியே எழும்பி டாப் ஸ்டேஷனில் போய் நிற்கிறது. மூணாறு தோட்டங்களின் தேயிலை ஒரு காலத்தில் இந்தச் சரிவு வழியாகத்தான் கீழே இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலை, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டிகள் அதைப் போடிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது.

கம்பிவடம் எங்கே ஓடினாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. எஃகுக் கம்பிகள் பலவற்றை முறுக்கிச் செய்வதுதான் வடம். கப்பியில் வளையும் ஒவ்வொரு தடவையும் உள்ளே கம்பியோடு கம்பி உரசும். எண்ணெய் போடாமல் விட்டால் உள்ளுக்குள்ளேயே தேய்ந்து ஒரு நாள் அறுந்துவிடும். ஆனால் அந்த வடத்தை இழுக்கிற பெரிய சக்கரம் அதைக் கெட்டியாகப் பற்றியாக வேண்டும். அங்கே எண்ணெய் வழுக்கிவிட்டால் சக்கரம் மட்டும் சுற்றும், வடம் நகராது. ஒரே வடம், ஒரே எண்ணெய். உள்ளே வழுக்க வேண்டும், வெளியே பிடிக்க வேண்டும்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்றும் இதே சிக்கல்தான். விடியும் முன்பே தேனி மாவட்டத்து ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. குரங்கணிப் பாதையில் இரண்டு பேரும் ஒரு மூட்டையுமாக 100 சிசி பைக்குகள் முக்கி முனகி ஏறுகின்றன. இந்த வண்டிகளுக்குள் இருக்கும் எண்ணெய் ஓர் இடத்தில் வழுக்கி, அதே நொடியில் இன்னோர் இடத்தில் பிடிகொடுக்க வேண்டியிருக்கிறது.

மசகெண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிப் பாடம். எந்த இடத்தில் எவ்வளவு உராய்வு தேவையோ அவ்வளவைக் கொடுப்பதும், சூடு ஏறினாலும் வேகம் மாறினாலும் மாதங்கள் ஓடினாலும் அந்த அளவைக் குலையாமல் காப்பதும் மீதிப் பாடம். இந்த இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் பார்ப்பவை, எண்ணெயில் லிட்டருக்குச் சில கிராம் என்ற கணக்கில் கலந்திருக்கும் வேதிச் சேர்மானங்கள். உராய்வுச் சீராக்கிகள் என்று அவற்றைச் சொல்லலாம். மலையில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இவற்றைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரிவில் எண்ணெய் படும் பாடு

எவ்வளவு பளபளப்பாகக் கடைந்த உலோகமானாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். சுழலும் தண்டு வேகம் எடுக்கும்போது எண்ணெயையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்க் குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது. அந்த அழுத்தமே தண்டைத் தூக்கி நிறுத்திவிடும். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பிரிட்டனில் பீச்சம்ப் டவர் 1880-களில் செய்த சோதனைகளில் இந்த அழுத்தம் தெரியவந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் அதற்கான கணிதத்தை எழுதினார். இப்படி முழுப் படலம் இருக்கும்போது உராய்வுக் கெழு 0.01-க்கும் கீழே போய்விடும்.

வேகம் குறைந்தால், சுமை கூடினால், எண்ணெய் சூடாகி நீர்த்தால் படலம் மெலிகிறது. மேடுகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்குகின்றன. உராய்வு பத்து மடங்குக்கும் மேல் ஏறி 0.1-ஐத் தாண்டுகிறது. ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் தாங்கிகளில் இதை அளந்து வெளியிட்ட ஆண்டு 1902; மூணாறில் முதல் தண்டவாளம் போட்ட அதே ஆண்டு. வேகம், சுமை, எண்ணெயின் பாகுத்தன்மை மூன்றையும் ஒரே கோட்டில் காட்டும் அவர் பெயரிலான வளைகோடு இன்றும் இந்தத் துறையின் முதல் பாடம்.

இந்த மூன்றையும் மலைச்சரிவோடு பொருத்திப் பாருங்கள். தேனியிலிருந்து கம்பத்துக்கு டாப் கியரில் போகிற பைக்குக்குச் சுமை குறைவு, எதிர்க்காற்று எஞ்சினைக் குளிர்விக்கிறது. அதே பைக் குரங்கணிக்கு மேல் முதல் கியரில் ஏறும்போது, சக்கரத்தோடு சேர்ந்த பற்சக்கரங்கள் மெதுவாகச் சுற்றுகின்றன. அவை தாங்கும் விசையோ பல மடங்கு. வேகம் இல்லாததால் காற்று வீச்சும் இல்லை, எண்ணெய் கொதிக்கிறது. 20டபிள்யூ-40 வகை எண்ணெயின் பாகுத்தன்மை 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 40 டிகிரியில் அது ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். ஆக, படலத்தை மெலியச் செய்யும் மூன்று காரணங்களும் ஏற்றத்தில் ஒன்றுசேர்ந்து வருகின்றன. அந்த நேரத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவது எண்ணெயின் கெட்டித்தன்மை ஆகாது. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வேதிப்படலம்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு மூலக்கூறு உயரப் படலம்

மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவது நம் ஊர் வழக்கம். பாரவண்டியின் அச்சு மெதுவாகச் சுற்றும், பெரும்பாரம் தாங்கும். அங்கே விளக்கெண்ணெய் நன்றாக வேலை செய்ததற்கு அதன் கெட்டித்தன்மை மட்டும் காரணமாகாது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ரிசினோலிக் அமிலம். அதன் நீண்ட கார்பன் சங்கிலியில் உலோகத்தைப் பற்றக்கூடிய கூறுகள் உண்டு. முதல் உலகப் போரின் சுழலெஞ்சின் விமானங்களுக்கும் விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள்.

மண்ணெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கனிம எண்ணெய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது ஒரு புதிர் எழுந்தது. ஒரே கெட்டித்தன்மை கொண்ட கனிம எண்ணெயையும் தாவர எண்ணெயையும் ஒப்பிட்டால், மெதுவான வேகத்தில் தாவர எண்ணெயே உராய்வைக் கூடுதலாகக் குறைத்தது. பிரிட்டனின் வெல்ஸ், சவுத்கோம் இருவரும் கனிம எண்ணெயில் மிகச் சிறிதளவு கொழுப்பு அமிலத்தைக் கலந்து பார்த்தார்கள். அந்தத் துளி அமிலமே வித்தியாசத்தைப் பெருமளவு சரிக்கட்டிவிட்டது. 1920-இல் இதை வெளியிட்டார்கள். இன்றைய உராய்வுச் சீராக்கிகளின் தொடக்கம் அதுதான். உயிரியலாளராகத் தொடங்கிய வில்லியம் ஹார்டியும் ஐடா டபிள்டேயும் 1922-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: மூலக்கூறின் கார்பன் சங்கிலி நீள நீள உராய்வு ஒழுங்காகக் குறைகிறது.

இதற்குக் காரணமான மூலக்கூறைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒலியிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையில் ஆக்சிஜன் கொண்ட தலை. அதற்கு உலோகத்தின் மேல் ஈர்ப்பு. மற்றது எண்ணெயோடு கலந்துபோகும் வால். மொத்த நீளம் சுமார் 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. இந்த மூலக்கூறுகள் உலோகத்தின் மேல் நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல நெருக்கமாக நிற்கின்றன. வேர் சேற்றைப் பிடித்திருக்கிறது, தாள்கள் ஒன்றையொன்று தாங்கி நிமிர்ந்திருக்கின்றன. மேலே கையால் தடவிக்கொண்டு போனால் தாள்கள் வளைந்து கொடுக்கும், கை சேற்றைத் தொடாது. எதிரெதிரான இரண்டு உலோகப் பரப்பிலும் இப்படி ஓர் அடுக்கு நின்றால், சறுக்கல் வால்களுக்கு இடையே நடந்து முடிந்துவிடும்.

இன்று எஞ்சின் எண்ணெய்களில் கிளிசரால் மோனோ ஒலியேட், ஒலியமைடு போன்ற இதே குடும்பத்துப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். இன்னொரு வகை மாலிப்டினம் சார்ந்தது. மாலிப்டினம் டைதையோகார்பமேட் என்ற சேர்மம் எண்ணெயில் கரைந்து சும்மா கிடக்கும். உலோக மேடுகள் உரசிச் சூடாகும் இடத்தில் மட்டும் சிதைந்து, மாலிப்டினம் டைசல்பைடாக மாறும். அது ஏடு ஏடாக அடுக்கப்பட்ட பொருள். ஏடுகளுக்கு இடையே பிணைப்பு பலவீனம் என்பதால் எளிதில் சறுக்கும். நல்ல நிலையில் உராய்வுக் கெழுவை 0.05 அளவுக்கு இறக்கிவிடும்.

எரிபொருளை மிச்சப்படுத்த இவை பெரிய உதவி. ஃபின்லாந்தின் ஹோல்ம்பெர்க்கும் அமெரிக்காவின் எர்டெமிரும் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகம் செலவிடும் ஆற்றலில் சுமார் 5-இல் ஒரு பங்கு உராய்வைச் சமாளிக்கவே போகிறது. கார் எண்ணெய்களில் இத்தகைய சேர்மானங்களைத் தாராளமாகச் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் காருக்கு நன்மை செய்யும் அதே துளி, பைக்கில் ஊற்றினால் மலையேற்றத்தைக் கெடுத்துவிடக்கூடும்.

ரேஸ் ஏறுது, வண்டி ஏறல

காரில் கிளட்ச் எண்ணெய் படாத உலர்ந்த இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர்ப் பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்தான். பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும். பற்சக்கரங்களுக்குத் தேய்மானக் காப்பு வேண்டும். கிளட்சுக்குப் பிடிமானம் வேண்டும். மூன்றையும் ஒரே எண்ணெய் கவனித்தாக வேண்டும்.

கிளட்ச் கூட்டுக்குள் எஃகுத் தகடும் உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடிக்கும். எவ்வளவு முறுக்குவிசையை அது கடத்தும் என்பது பிளேட் எண்ணிக்கை, ஸ்பிரிங் விசை, பிளேட்டின் ஆரம், உராய்வுக் கெழு நான்கையும் பெருக்கினால் கிடைக்கும். முதல் மூன்றும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகின்றன. நான்காவது ஒன்றுதான் நாம் ஊற்றும் எண்ணெயைப் பொறுத்தது. எண்ணெயிலுள்ள சீராக்கி உராய்வுக் கெழுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் கிளட்சின் தாங்குதிறனும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சமதளத்தில் இது தெரியவே தெரியாது. எஞ்சினின் முழு முறுக்குவிசையும் அங்கே தேவைப்படுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் வேகத்தைக் குறைத்து, திரும்பிய கையோடு ஆக்சிலேட்டரை முறுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எஞ்சின் அலறும், வண்டி தவழும். "ரேஸ் மட்டும் ஏறுதுண்ணே, வண்டி ஏற மாட்டேங்குது" என்று மெக்கானிக்கிடம் வந்து சொல்வார்கள். வழுக்கும் கிளட்ச் சும்மா இருப்பதில்லை. 6 கிலோவாட் திறனில் 10 விழுக்காடு வழுக்கினாலும் 600 வாட் வெப்பம் அந்தச் சிறு கூட்டுக்குள்ளேயே இறங்குகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் கெடுகிறது, பட்டை கருகுகிறது, வழுக்கல் இன்னும் கூடுகிறது.

அப்படி வழுக்கிய பிளேட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் நடந்தது அப்படியே தெரியும். புதுப் பட்டை சொரசொரப்பான பழுப்பு நிறம். நகத்தால் கீறினால் நுண்துளைகள் தெரியும், எண்ணெய் அதற்குள் போய் வரும். வழுக்கிய பட்டையோ கறுத்து, மெழுகு தேய்த்ததுபோல மினுங்கும். கருகிய எண்ணெய் அரக்காகப் படிந்து துளைகளை அடைத்திருக்கும். இடையிலிருக்கும் எஃகுத் தகட்டில் சூடு பட்ட நீலப் புள்ளிகள் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. இந்த நிலைக்கு வந்த பிறகு நல்ல எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. பிளேட் செட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

உதறல் எங்கிருந்து வருகிறது

அப்படியானால் சீராக்கியே இல்லாத எண்ணெய் கிளட்சுக்கு நல்லதா? அதுவும் சரிவராது. பிளேட்டுகள் சறுக்கிச் சறுக்கி ஒன்று சேரும் அந்த ஓரிரு நொடிகளில், உராய்வின் அளவைப் போலவே அதன் போக்கும் முக்கியம்.

சறுக்கு வேகம் குறையக் குறைய உராய்வு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேட் சற்றே மெதுவானதும் பிடி இறுகி வெடுக்கென்று ஒட்டிக்கொள்ளும். முறுக்கு சேர்ந்ததும் பிய்த்துக்கொண்டு ஓடும், வேகம் எடுத்ததும் பிடி தளரும், திரும்ப மெதுவாகி மறுபடி ஒட்டும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடக்கும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி உதறுவது இதனால்தான். உதறல் வராமலிருக்க வேண்டுமானால் வேகம் குறையும்போது உராய்வு அப்படியே நிற்க வேண்டும், அல்லது மெல்ல இறங்க வேண்டும்.

உராய்வுச் சீராக்கி இங்கேதான் தன் பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்கிறது. மெதுவான சறுக்கலில் மூலக்கூறு அடுக்குதான் பளுவைத் தாங்குகிறது. அதனால் அங்கே உராய்வு அதிகமாகக் குறைகிறது. வேகமான சறுக்கலில் எண்ணெய்ப் படலம் பங்கேற்பதால் அதன் தாக்கம் குறைவு. வளைகோட்டின் ஒரு முனையை மட்டும் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறது. கொஞ்சம் சேர்த்தால் உதறல் நிற்கும், கூடுதலாகச் சேர்த்தால் பிடிமானமே போகும். அழுக்கு சேராமலிருக்கச் சேர்க்கும் கால்சியம் உப்புகளும் அதே பரப்பில் இடம் கேட்டு நிற்கும். அவை பெரும்பாலும் உராய்வை ஏற்றக்கூடியவை. இரண்டுக்கும் நடுவே சரியான கலவையைக் கண்டுபிடிப்பதுதான் எண்ணெய் வேதியியலாளரின் கைவண்ணம்.

டிராக்டரிலும் இதே கதை. இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் தட்டுகள் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கின்றன. சேறும் தண்ணீரும் உள்ளே போகாது, பட்டை நெடுநாள் உழைக்கும். ஆனால் பின்பக்கக் கியர்களுக்கும் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்புக்கும் பெரும்பாலும் அதே எண்ணெய்தான். கியருக்கு மட்டும் பொருத்தமான எண்ணெயை ஊற்றினால் பிரேக் மிதிக்கும்போது அதிரும், கத்தும். டிராக்டருக்கென்று தனி எண்ணெய் ஊற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இறக்கத்தில் கியர் விழ வேண்டும்

ஜீப்பில் கிளட்சும் பிரேக்கும் உலர்ந்த வகை. ஆனாலும் அதன் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடி உராய்வை நம்பி வேலை செய்யும் ஓர் உறுப்பு உண்டு: சிங்க்ரனைசர் வளையம். பெரும்பாலும் பித்தளையில் செய்தது. கியர் மாற்றும்போது அந்த வளையம் கூம்பு வடிவப் பரப்பில் அழுந்தி உரசி, இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்தும். அதன் பிறகுதான் கியர் விழும்.

போடிமெட்டிலிருந்து போடி சுமார் 1,000 மீட்டர் கீழே இருக்கிறது. ஆட்களோடு 2 டன் எடையுள்ள ஜீப் அந்த உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனையையும் பிரேக் டிரம் தலையில் கட்டினால் அது சூடேறிப் பிடியை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழகிய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். எஞ்சின் தன் பங்குக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

அப்படிக் கியரைக் குறைக்கும் நேரத்தில் சிங்க்ரனைசர் வளையம் வழுக்கினால் கரகரவென்று சத்தம்தான் வரும், கியர் விழாது. இறக்கத்தில் கியர் விழாமல் நியூட்ரலில் நிற்கும் ஜீப் எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. கியர் எண்ணெயில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரம் உண்டு. பின் அச்சின் கிரவுன் சக்கரத்துக்காக உருவான ஜிஎல்-5-இல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அந்தக் கடும் அழுத்தத்துக்கு அது தேவை. அதையே கியர்ப் பெட்டியில் ஊற்றினால் சிங்க்ரனைசருக்கு வேண்டிய உராய்வு குறையலாம். சில கலவைகள் சூட்டில் பித்தளையையும் அரிக்கும். எண் பெரிதாக இருப்பதால் தரமும் பெரிது என்று நினைத்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் கியர்ப் பெட்டிக்கு எதைச் சொல்லியிருக்கிறாரோ அதையே ஊற்ற வேண்டும்.

புதிதில் நன்றாக இருந்தால் போதாது

உராய்வை ஒரு தடவை சரியாக அமைப்பது எளிது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். எண்ணெயின் எதிரிகள் பலர். முதல் எதிரி ஆக்சிஜன். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஒலியிக் அமிலக் குடும்பத்தின் கார்பன் சங்கிலி நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது; ஆக்சிஜன் முதலில் தாக்குவது அந்தப் பகுதியைத்தான். இரண்டாவது எதிரி தண்ணீர். மலைப்பனியிலும் சாரலிலும் குறைந்த தூரம் ஓடி, முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்தப்படும் எஞ்சினில் ஈரம் தங்கிவிடும். மூன்றாவது, பட்டைத் துளைகளை அடைக்கும் கசடு.

இந்தப் பாடத்தை உலகம் ஒரு திமிங்கிலத்திடமிருந்தும் கற்றது. அமெரிக்காவின் ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டி எண்ணெய்களில் நெடுங்காலம் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்து உராய்வுச் சீராக்கியாகப் பயன்படுத்தினார்கள். அதன் மெழுகு எஸ்டர்கள் சூட்டைத் தாங்கின, உராய்வை நிலையாக வைத்திருந்தன. அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தால் 1970-களின் தொடக்கத்தில் அந்த எண்ணெய் நின்றுபோனது. மாற்று தேடும் வேலை வேதியியலாளர்கள் தலையில் விழுந்தது. பாலைநிலத்துச் செடியான ஹோஹோபாவின் விதை எண்ணெயும் அப்படிக் கவனத்துக்கு வந்ததுதான். ஒரு விலங்கினத்தை வேட்டையாடிப் பெற்ற நிலைத்தன்மையை ஆய்வகத்தில் செய்த மூலக்கூறுகளால் பெற முடியும் என்று அதன் பிறகு வந்த எண்ணெய்கள் நிரூபித்தன.

இன்றைய கலவை ஒரு கூட்டு முயற்சி. ஆக்சிஜனைத் தடுக்கும் பீனால், அமீன் வகைகள் தங்களைப் பலிகொடுத்துச் சீராக்கியைக் காக்கின்றன. கசடு படியாமல் மிதக்கவைக்கச் சக்சினிமைடு வகைகள். தேய்மானம் தடுக்க, 1940-களிலிருந்து துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த டைதையோபாஸ்பேட். சீராக்கியிலும், சீக்கிரம் தீர்வது ஒன்று, தாக்குப்பிடிப்பது ஒன்று என்று ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்ப்பதுண்டு. ஒன்று ஓய்ந்தாலும் மற்றது பரப்பில் நிற்கும். இந்தச் சேர்மானங்கள் எல்லாம் எங்கிருந்தோ வருவதாக நினைக்க வேண்டாம். சென்னை மணலியில் இயங்கும் இந்தியன் அடிட்டிவ்ஸ் நிறுவனம் சென்னை பெட்ரோலியமும் செவ்ரானும் சேர்ந்து 1989-இல் தொடங்கியது. மசகெண்ணெய்ச் சேர்மானங்களைத் தயாரிப்பதுதான் அதன் வேலை.

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்

கார் எண்ணெய்களில் உராய்வுச் சீராக்கி பெருகியதும் பைக் கிளட்சுகள் வழுக்கத் தொடங்கின. அதனால் ஜப்பானிய வாகனத் தர அமைப்பு 1998-இல் பைக்குகளுக்கென்று ஜாசோ டி903 தரத்தைக் கொண்டுவந்தது. சுழலும் சக்கரத்தைக் கிளட்ச் பிளேட்டுகளால் திரும்பத் திரும்பப் பிடித்து நிறுத்துவார்கள். சறுக்கும்போது உள்ள உராய்வு, நின்ற நிலையில் உள்ள உராய்வு, நிற்க எடுத்த நேரம் மூன்றையும் அளப்பார்கள். உராய்வு அதிகமான ஒரு மாதிரி எண்ணெய், குறைவான ஒரு மாதிரி எண்ணெய், இரண்டோடும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். நல்ல பிடிமானம் கொடுப்பது எம்ஏ, குறைவாகக் கொடுப்பது எம்பி. 2006-இல் எம்ஏ தரத்தை எம்ஏ1, எம்ஏ2 என்று மேலும் பிரித்தார்கள். எம்ஏ2 பிடிமானத்தில் மேல் தட்டு.

கிளட்ச் எண்ணெயில் நனையும் கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டரில் கிளட்ச் எண்ணெய்க்கு வெளியே இருப்பதால் எம்பி எண்ணெய் அதற்குப் பொருந்தும், மைலேஜுக்கும் உதவும். கார் எண்ணெய் டப்பாவின் வட்டமான ஏபிஐ முத்திரையில் கீழ்ப்பாதியில் ஆற்றலை அல்லது வளத்தைச் சேமிக்கும் எண்ணெய் என்ற குறிப்பு இருந்தால், அதைக் கியர் பைக்கில் ஊற்றாமலிருப்பதே நல்லது. உராய்வைக் குறைத்து எஞ்சினுக்கு உயிர் கொடுப்பதாகத் தனிப் புட்டியில் விற்கும் சேர்மானங்களுக்கும் இது பொருந்தும். டப்பாவுக்குள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த சமநிலையை அந்தப் புட்டி குலைத்துவிடும். ஏற்றத்திலேயே ஓடும் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் காலத்தை நீட்டவும் கூடாது. சமதளத்து வண்டியின் ஒரு கிலோமீட்டரும் மலை வண்டியின் ஒரு கிலோமீட்டரும் எண்ணெய்க்கு ஒன்றாகாது.

டப்பாவில் இந்த எழுத்துகளெல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கின்றன. அதை ஊற்றும் கைகளுக்கு அவற்றின் பொருளை யாரும் சொல்லித் தருவதில்லை. ஐடிஐ பாடத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தெரிந்துகொள்வார்கள். போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது. ஊர்ப் பட்டறைகளில் வடிக்கும் பழைய எண்ணெயில் ஒரு கிண்ணம் வாங்கி, சுழலும் தட்டில் ஊசியை அழுத்தி உராய்வை அளக்கும் எளிய கருவியில் வைத்தால், குரங்கணி ஏற்றத்தில் ஓடிய எண்ணெய் எத்தனை கிலோமீட்டரில் தன் குணத்தை இழக்கிறது என்று அந்த மாணவர்களே அளந்துவிடலாம். சமதளத்தை மனத்தில் வைத்து எழுதிய எண்ணெய் மாற்றும் அட்டவணைக்குப் பதில், நம் சரிவுக்கு நாமே அளந்து எழுதிய அட்டவணை ஒன்று பட்டறைச் சுவரில் தமிழில் தொங்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்களும் மூட்டை சுமந்து ஏறுகிறவர்களும் அந்த அட்டவணையை நம்பி வண்டியை எடுக்கலாம்.